ஐப்பசியில் நான் மூழ்கடித்த கப்பல்

ஒரு மனிதர் இறந்த நாளை, ஆசிரியர் அறையில் மதிய இடைவேளையில், தயிர்சாத டப்பாவைக் கழுவி வைத்த ஈரக்கையோடு நான் தட்டச்சு செய்தேன். அவரை எனக்குத் தெரியாது. அப்படி ஒருவர் இருந்தார் என்பதே அப்போது தெரியாது. ஒரு பாடத்துக்கு ஒரு நாள் தேவைப்பட்டது. ஐப்பசியில் ஒரு நாளைப் போட்டேன். ஐப்பசி என்றால் மழை, மழை என்றால் பிள்ளைகள் கடலைக் கற்பனை செய்துகொள்வார்கள் என்பதைத் தவிர அந்த நாளுக்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

வேலூரிலிருந்து தினமும் ரயிலேறி ஆம்பூர் வந்து ஒரு பெண்கள் பள்ளியில் சமூக அறிவியல் கற்பித்துக்கொண்டிருக்கிறேன். பத்தாம் வகுப்புக்கு இரண்டாம் உலகப்போர் உண்டு. பாடத்தில் வரும் படங்களில் பனி பெய்யும், பீரங்கிகள் நிற்கும், யாரோ சிலர் கையெழுத்திடுவார்கள். ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் தாய்மார்களின் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் வாங்குவார்கள். போர் அவர்களுக்குத் தொலைவு. கடல் அதைவிடத் தொலைவு. பெரும்பாலோர் கடலைப் பார்த்தது ஒருமுறைதான், ஏதோ ஒரு சுற்றுலாவில், சுடிதாரின் கால்பகுதியை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு.

ஆனால் அந்தப் போர் நம் கரைக்கும் வந்தது. வங்காள விரிகுடாவில் நீர்மூழ்கிக் கப்பல்கள் திரிந்தன. கரையை ஒட்டியே ஊர்ந்த சிறிய சரக்குக் கப்பல்கள் விளக்கை அணைத்துக்கொண்டு போயின. சில போய்ச் சேரவில்லை. அந்தக் காலத்தில் நம் பக்கத்துத் தோல், படைவீரர்களின் பூட்ஸுக்காகக் கட்டுக்கட்டாக மதராஸ் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இவை இரண்டையும் பல ஆண்டுகளாகத் தனித்தனியே வாசித்திருக்கிறேன். ஒரே வகுப்பில் இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று அந்த ஆடி மாதத்தில் தோன்றியது.

ஜன்னல்களைச் சாத்தச் சொன்னேன். தரையில் சாக்பீஸால் மதராஸிலிருந்து விசாகப்பட்டினம்வரை கரையை வரைந்தேன். தீப்பெட்டிகளைக் கப்பல்களாக வைத்தேன். நீர்மூழ்கி எப்படித் தாக்கும் என்பதைச் சொன்னேன்: எதிரியை விரட்டிக்கொண்டு ஓட வேண்டிய அவசியம் அதற்கு இல்லை, போகும் வழி தெரிந்தால் போதும், அங்கே காத்திருக்கும்.

“கப்பல்ல இருக்கறவங்களுக்கு அது வந்துருக்குதுன்னு தெரியாதா டீச்சர்?” என்று ஒருத்தி கேட்டாள்.

“நம்ம எச்.எம். மாதிரிடீ. வராண்டாவுல நிக்கறதே தெரியாது. திரும்பிப் பாத்தா டமால்!” என்றாள் பின்வரிசையில் இன்னொருத்தி.

சிரித்து முடித்தபின் வகுப்பு தானாகவே அமைதியானது. அந்த இருட்டு எல்லோரையும் தொட்டிருந்தது. அப்போதுதான் தாளை வெளியே எடுத்தேன்.

அந்தத் தாளைப் பற்றி ஒளிக்காமல் எழுத வேண்டும். அது துறைமுகப் பதிவேடு ஒன்றின் பக்கத்தைப் போல நான் உருவாக்கியது. தேநீரில் நனைத்துக் காயவைத்துப் பழுப்பேற்றியிருந்தேன். ஒரு கப்பலுக்குப் பெயர் வைத்திருந்தேன். அதை மறுபடி எழுத மனம் வரவில்லை. ஏற்றிய சரக்கு, புறப்பட்ட நாள், தாக்கப்பட்ட நாள், கரைசேராதவர்களின் பட்டியல். பட்டியலில் அதிகாரிகளுக்கெல்லாம் பெயர் கொடுத்தேன். கடைசி வரியை மட்டும் இப்படி முடித்தேன்: ‘உலை அறைக் கூலி, வட ஆர்க்காடு ஜில்லா, ஒருவர். பெயர் தெரியவில்லை.’ நம் ஊர்க்காரர் ஒருவர் அதில் இருந்தால் பிள்ளைகளின் மனம் கொஞ்சம் அசையும் என்று கணக்கிட்டேன். அசைந்தது.

ஆவணங்களை எப்படிச் சந்தேகிப்பது என்பதுதான் உண்மையில் நான் கற்பிக்க நினைத்தது. அதற்காக முத்திரையின் கீழே ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண்ணைப் போட்டிருந்தேன். போர்க்காலத்தில் அப்படி ஒன்று நம் நாட்டில் இல்லை. அடுத்த வகுப்பில் “இந்தத் தாள் பொய். எங்கே பொய்யென்று கண்டுபிடியுங்கள்” என்று கேட்பதாகத் திட்டம்.

மணி அடித்தபோது மூன்றாவது பெஞ்சில் உட்காரும் பெண் என் மேசைக்கு வந்தாள். அதிகம் பேசாதவள், விடைத்தாளில் கேள்வியையும் சேர்த்து அழகாக எழுதுபவள்.

“டீச்சர், இத வூட்டுக்கு எடுத்துனு போவட்டுமா? எங்க தாத்தாக்கு காட்டணும்.”

“ஜெராக்ஸ் எல்லாருக்கும் தரேனே.”

“ஜெராக்ஸ் வேணாம் டீச்சர். இதுதான் வேணும்.”

ஒரு மாணவி வரலாற்றைத் தாத்தாவிடம் கொண்டுபோகிறாள் என்ற பெருமையில் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை என்னை வேலூரில் ஒரு பயிற்சிக்கு அழைத்துவிட்டார்கள். இரண்டு வாரம். என் வகுப்பை எடுத்தவர் பாடப்பகுதியை முடிப்பதில் அக்கறை உள்ளவர். போரை முடித்து அடுத்த பாடத்தையும் தொடங்கியிருந்தார். நான் திரும்பியபோது காலாண்டுத் தேர்வு நெருங்கியிருந்தது. கேட்கவேண்டிய அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. மறந்துபோனேன். இந்தக் குறிப்பில் வருகிற எல்லாவற்றுக்கும் வேர் அந்த ஒரு மறதிதான்.

ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு காலையில் அவள் எவர்சில்வர் டப்பா ஒன்றை என் மேசையில் வைத்தாள். உள்ளே இரண்டு உளுந்து வடையும் ஒரு துண்டு வாழையிலையில் கெட்டியான சேமியா பாயசம் கொஞ்சமும் இருந்தன.

“இன்னா விசேஷம்?” என்று அவர்கள் பேச்சிலேயே கேட்டேன். வடையைக் கடித்தும் விட்டேன்.

“நேத்து எங்க தாத்தாவோட அப்பாவுக்கு தெவசம் டீச்சர். மொத மொத படைச்சோம். நீங்க குடுத்த நாளுதான்.”

கடித்த வடையை டப்பாவிலேயே திரும்ப வைத்தேன். அவள் அதைக் கவனிக்காமல் சொல்லிக்கொண்டே போனாள். எப்போதும் பேசாத பெண் அன்று நிறுத்தாமல் பேசினாள்.

அவளுடைய கொள்ளுத்தாத்தா தோல் மண்டியில் கூலி. போர்க்காலத்தில் ஒருநாள் தோல் கட்டுகளோடு கூட்ஸ் வண்டியில் மதராஸ் போனவர் திரும்பவில்லை. மனைவி அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. கப்பலில் கரி தள்ளும் வேலைக்கு ஏறிவிட்டார் என்று உடன் போனவர் ஒருவர் சொன்னார். மற்றவர்கள் வேறு சொன்னார்கள். அரக்கோணம் ஸ்டேஷனில் ஒரு பெண்ணோடு டீ குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக ஒருவர். காவேரிப்பாக்கத்து ஏரிக்கரையில் வேறு குடும்பத்தோடு இருப்பதாக இன்னொருவர். கதைகளில் அவர் போகப்போக மேலும் நன்றாக வாழத் தொடங்கினார். வீட்டுக்கு ‘ஓடிப்போனவர் வூடு’ என்று பெயர் நிலைத்தது. மூன்றாவது தலைமுறைக்கும் அந்தப் பெயர் போகவில்லை. என் வகுப்பிலேயே சண்டை வந்தால் அவளை அப்படித்தான் சீண்டுவார்களாம். எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்தக் கர்ப்பிணி, மகனைப் பெற்று, வளர்த்து, முதுமைவரை குங்குமப் பொட்டோடு வாழ்ந்து இறந்தாள். “யாருக்குடி பொட்டு?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் “வருவாரு” என்பதைத் தவிர வேறு பதில் சொல்லவில்லையாம். உயிரோடு இருக்கிறவருக்குப் படையல் போடுவது பாவம் என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தாள். அதனால் அமாவாசைகளில்கூட அவருக்கு அந்த வீட்டில் இலை போட்டதில்லை. காலக்கணக்குப்படி அவர் இன்று உயிரோடு இருக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தாயின் சொல்லைத் தாண்ட மகனுக்கு யாராவது ஒரு நாளைக் காட்டியிருக்க வேண்டும். நான் காட்டினேன்.

“தாத்தா வாலாஜாபேட்டைக்குப் போயி பஞ்சாங்கம் பாக்கறவருகிட்ட திதி கணிச்சினு வந்தாரு டீச்சர். தேய்பிறை தசமி” என்றாள்.

நான் சும்மா போட்ட தேதிக்கு ஒரு திதி கிடைத்திருந்தது. நட்சத்திரமும் கிடைத்திருக்கும்.

உடனே சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல என்னால் முடியவில்லை. அந்த டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன்.

அன்று முதல் அந்த மனிதர் என்னோடு ரயிலில் வரத் தொடங்கினார். அவரை எப்படி வர்ணிப்பது? அவருக்கு முகம் இல்லை, நான்தான் கொடுக்கவில்லையே. மேல்பட்டி தாண்டி வயல்கள் ஓடும்போது ஜன்னல் கண்ணாடியில், என் தோளுக்குப் பின்னால் கரி படிந்த ஒரு முதுகு குனிந்து நிமிர்வதைப்போல இருக்கும். நான் உருவாக்கிய உலை அறையில், நான் உருவாக்கிய கப்பலில், நான் குறித்த நேரத்துக்காக அவர் கரியை வாரிப் போட்டுக்கொண்டிருந்தார். வருவது அவருக்குத் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். பாலாற்றுப் பாலத்தில் வண்டி ஏறும்போது அந்தச் சத்தத்தில் கண்ணை மூடிக்கொள்வேன்.

ஒரு வாரம் கழித்துக் கணக்கு ஆசிரியையிடம் மட்டும் சொன்னேன். பக்கத்து மேசைக்காரர், எதையும் இரண்டு வரியில் தீர்த்துவிடுபவர்.

“இதுக்கா இவ்ளோ பேஜார்? வுடுங்க டீச்சர். எண்பது வருசமா இல்லாத நிம்மதி அந்த வூட்டுக்கு இப்பதான் வந்துருக்குது. நீங்க போயி பிடுங்கிட்டு வரப்போறீங்களா?”

“பொய்யில வந்த நிம்மதி.”

“அந்தத் தாத்தாவுக்கு வயசு இன்னா? எண்பதுக்கு மேல. நெஜத்த வெச்சினு இன்னா பண்ணப்போறாரு அவரு? உங்களுக்குத்தான் அது வேணும். சொன்னா உங்க பாரம் எறங்கும். அவருக்கு ஏறும். அவ்ளோதான் கணக்கு.”

அவர் சொன்னதில் தவறு இல்லை. ஆனால் அடுத்த வாரம் அந்தப் பெண் இன்னொன்று சொன்னாள். படையல் நாளன்று தாத்தா, தன் தாயின் படத்துக் கண்ணாடியில் எப்போதும் இருக்கும் குங்குமத்தைத் துடைத்துவிட்டாராம். “கொள்ளுப்பாட்டி புருசன் செத்துட்டாருன்னு இப்ப தெரிஞ்சிடுச்சில்ல டீச்சர். அதனால இனிமே வெறும் சந்தனம்தான்.”

வாழ்நாள் முழுதும் ஊர் கேட்டும் அழிக்காத பொட்டை, அவள் இறந்தபின் என் தாள் அழித்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். தோல் தொழிற்சாலைகளுக்குப் பின்னால், ஆற்றை நோக்கி இறங்கும் தெரு. சுண்ணாம்பும் ஈரத்தோலும் கலந்த வாடை அங்கே சுவர்களிலேயே ஊறியிருக்கும். கதவு திறந்திருந்தது. பெண்ணின் அம்மா அடுப்பில் ஏதோ தாளித்துக்கொண்டிருந்தார். பெரியவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முப்பது நாற்பது ஆண்டுகள் தோலைப் புரட்டிய கைகள், நகங்களில் மட்டும் இன்னும் பழுப்பு. என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்க முயன்றார்.

“வாங்க டீச்சரம்மா, வாங்க. நாளு குடுத்த மகராசி. ஏய், டீச்சருக்கு நாற்காலி போடு. டீ வை.”

“டீ வேணாங்க. உக்காருங்க, சொல்லணும்.”

சுவரில் அந்தப் படம் இருந்தது. ஸ்டுடியோவில் பெரிதாக்கிய கறுப்புவெள்ளைப் படம். நெற்றி இருக்கும் இடத்தில் கண்ணாடிமேல், ஆண்டாண்டாய்க் குங்குமம் இருந்து துடைத்த இடம், மங்கலாக ஒரு வட்டமாகத் தெரிந்தது. பக்கத்தில், மாலை போட்டு, என் தாள். லேமினேஷன் செய்திருந்தார்கள். நான் ஊற்றிய தேநீர்க் கறை உள்ளே பத்திரமாக இருந்தது.

“அய்யா, அந்தத் தாள் நெஜம் இல்ல. நான் எழுதினது.”

“நீங்க பாத்து எழுதனதா?”

“பாத்து இல்ல. நானா எழுதினது. பாடத்துக்காக. அது பொய்யின்னு அடுத்த க்ளாஸ்ல சொல்லியிருக்கணும். சொல்லாம வுட்டுட்டேன்.”

“கப்பலு?”

“அப்படி ஒரு கப்பல் இல்லீங்க.”

“நாளு?”

“அதுவும் நான் போட்டதுதான்.”

தாளிப்புச் சத்தம் நின்றது. பெரியவர் கையை நீட்டி, மாலையை ஒதுக்கி, தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். என் பேச்சை நானே தாங்க முடியாமல், முத்திரைக்குக் கீழே விரலை வைத்து அஞ்சல் குறியீட்டைக் காட்டினேன். “இந்த நம்பர் அப்ப கெடையாது. பிள்ளைங்க கண்டுபிடிக்கட்டும்னு வெச்சேன்.”

“இத நான் பாக்கல” என்றார். பிறகு அவருடைய பழுப்பு நகம் வேறொரு வரிக்கு நகர்ந்தது. “நான் பாத்தது இது. ‘நீலத் தோல், நாற்பது கட்டு.’”

எனக்குப் புரியவில்லை.

“அப்ப ஏது டீச்சரம்மா நீலம்? ஆவாரம்பட்டையில ஊறவெச்சி அனுப்பன காலம் அது. பழுப்பாத்தான் போவும். தோல பதப்படுத்தற இந்த நீல மருந்து, குரோமு, நானு வேலைக்குப் போயி ரொம்ப வருசம் கழிச்சில்ல வந்திச்சி.”

ஸ்டேஷனிலிருந்து பள்ளிக்கு நடக்கும் வழியில் தினமும் ‘சின்ன யானை’ குட்டி லாரிகளில் சொட்டச்சொட்ட நீலத் தோல் போவதைப் பார்க்கிறேன். தோல் என்றால் நீலம் என்றே என் கண்ணில் பதிந்திருந்தது. வேண்டுமென்று நான் வைத்த பிழையை யாரும் பார்க்கவில்லை. எனக்கே தெரியாமல் செய்த பிழையை இவர் முதல் நாளே பார்த்திருக்கிறார்.

“தெரிஞ்சுமா படைச்சீங்க?”

“எழுதனவன் ஆபீஸுக்காரன், தோல தொட்டிருக்க மாட்டான், தப்பா எழுதிட்டான்னு நெனச்சிக்கினேன்.” தாளைப் பார்த்தபடியே சொன்னார்: “அப்டி நெனச்சிக்கணும் போல இருந்திச்சி.”

கதவோரம் நின்றிருந்த பெண்ணை அப்போதுதான் பார்த்தேன். எவ்வளவு நேரம் நின்றாளோ. “பரீட்சைப் பேப்பர்ல ஆதாரம் எங்க, ஆதாரம் எங்கன்னு செவப்பு மையில எழுதுவீங்களே டீச்சர்” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “க்ளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இப்ப யாரும் என்ன ஓடிப்போனவர் வூடுன்னு கூப்பிடறது இல்ல.”

“தப்பு என்னோடதுன்னு நானே க்ளாஸ்ல சொல்றேம்மா.”

“சொன்னா திரும்ப கூப்பிடுவாங்க.”

பெரியவர் நடுவில் பேசினார்.

“அப்ப அவரு கடல்ல போவல?”

“அது தெரியாதுங்க. கப்பலுங்க மூழ்கினது நெஜம். நம்ம ஊர்த் தோல் போனது நெஜம். கூலி ஆளுங்க பேர பல எடத்துல எழுதாமலே வுட்டதும் நெஜம். அதுல அவர் ஒருத்தரான்னு மட்டும் தெரியாது.”

“ஓடிப்போய்ட்டாருன்னும் சொல்ல முடியாது.”

“முடியாது. யாராலயும் முடியாது. க்ளாஸ்லயும் அதையேதான் சொல்வேன்.”

தலையை மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தார். அந்த வயதில் அது ஒப்புதலா நடுக்கமா என்று சொல்ல முடியாது. பிறகு பேத்தியிடம், “குங்குமச் சிமிழ எடுத்துனு வா” என்றார்.

அவள் என்னைப் பார்க்காமல் உள்ளே போய்க் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் சுவரைப் பிடித்து எழுந்தார். நான் தாங்க வந்தேன். கையால் வேண்டாம் என்றார். மோதிர விரலைச் சிமிழில் தொட்டு, கண்ணாடியில் இருந்த அந்த மங்கல் வட்டத்தின்மேல் விரலை வைத்து, வெகுநேரம் எடுக்காமல் நின்றார்.

“மூணு வாரம்மா. மன்னிச்சிக்கோ” என்றார், படத்திடம்.

விரலை எடுத்தபோது படத்தில் இருந்தவளின் நெற்றி சிவந்திருந்தது. அவளுடைய காத்திருப்பை மூன்று வாரம் நிறுத்திவைத்தவள் நான். அதை மறுபடி தொடங்கிவைத்தவளும் நான். அந்தக் கண்கள் எங்கள் எல்லோருக்கும் பின்னால், திறந்திருந்த கதவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தன. நானும் ஒருகணம் திரும்பிப் பார்த்தேன். தெருவில் யாரும் இல்லை.

தாளைத் திருப்பிக் கேட்டேன். கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். லேமினேஷனைக் கிழிக்க முடியாது என்பதுகூட அப்போது தோன்றவில்லை. பெரியவர் தரவில்லை. மாலையை மட்டும் கழற்றி நாற்காலிமேல் போட்டார். கடைசி வரியின்மேல் நகத்தை வைத்து, எழுத்தெழுத்தாக ஒருமுறை வாசித்தார்: ஒருவர். பெயர் தெரியவில்லை.

“பொய்யாவே இருக்கட்டும் டீச்சரம்மா. எங்கப்பாவப் பத்தி இந்த ஒலகத்துல ஒருத்தரு ஒரு வரி எழுதனது இதுதான்.”

அதைத் தாயின் படத்துக்குப் பின்னால், சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாதபடி செருகி வைத்தார். படம் லேசாக முன்னே சாய்ந்தது. பெண்ணின் அம்மா வந்து அதை நேராக்கிவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போனார்.